அந்த நோட்டு 1933-இல் எங்கே இருந்தது?

அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு, அந்நாட்டின் பழைய கோல்டு சர்டிஃபிகேட்டுகளை, அதாவது தங்க நோட்டுகளை, தேடித் தேடிச் சேர்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,



காயின் ஷோவில் டீலரின் மேசைமேல் மஞ்சள் சீல் போட்ட நோட்டு ஒன்று தென்பட்டதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "கிரேடு என்ன?" அடுத்தது, "கடைசி விலை என்ன?" இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த நோட்டு யார் வீட்டிலிருந்து வந்தது, எப்படி இத்தனை காலம் தப்பிப் பிழைத்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அமெரிக்கக் காகிதப் பணத்தில் வேறு எந்த வகையைவிடவும் தங்க நோட்டுக்கு அது முக்கியமான கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்ல, நோட்டின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நம்மோடு அண்மையில் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ஆம் ஆண்டின் இறுதியில் வங்கிகள் காகிதத்துக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. மறு ஆண்டு வந்த பச்சை முதுகு நோட்டுகளைத் தங்கமாக மாற்ற முடியாது. ஆனால் துறைமுகத்தில் சுங்க வரி கட்டத் தங்கம்தான் வேண்டும். வணிகர்களும் வங்கிகளும் தங்க நாணய மூட்டைகளோடு அலைந்தார்கள். பத்து லட்சம் டாலருக்கான தங்க நாணயங்கள் ஏறக்குறைய 1,670 கிலோ எடை. அதைத் தெருவில் வண்டி கட்டி இழுத்துச் செல்வது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் சிக்கலுக்காகத்தான் 1863 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம் ஒரு வழி செய்தது. தங்கத்தைக் கருவூலத்தில் ஒப்படைத்துவிட்டுச் சான்று ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்று கைமாறும். தங்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். 1865-இல் முதல் சான்றுகள் வெளிவந்தன. அவை பெரும்பாலும் வங்கிகளுக்கிடையே புழங்கிய பெருந்தொகைத் தாள்கள். சாதாரண மனிதர் கையில் அவை ஏறவில்லை.

1882-இல் அந்த நிலை மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு வரிசையில் 20 டாலர் முதல் 10,000 டாலர் வரை நோட்டுகள் வந்தன. 20 டாலரில், முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் முகம். 500-இல் லிங்கன். 1,000-இல் ஹாமில்டன். தொடக்க அச்சில் சிலவற்றில் நியூயார்க்கின் உதவிக் கருவூலர் தாமஸ் ஆக்டனின் எதிர்க்கையெழுத்தும் உண்டு. 1905-இல் வந்த 20 டாலரைச் சேகரிப்பாளர்கள் 'டெக்னிகலர்' என்றே அழைக்கிறார்கள். வாஷிங்டன் முகத்தைச் சுற்றித் தங்க வண்ணம் பூசிய தாள், சிவப்பு சீல், சிவப்பு எண்கள். அமெரிக்கா இதைவிட அழகான நோட்டு ஒன்றை அச்சடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1907-இல் பத்து டாலர் வந்தது. அதில் இருக்கும் மைக்கேல் ஹில்லிகாஸ் நாட்டின் முதல் கருவூலர். இன்று அமெரிக்கர்களிலேயே அவரை அடையாளம் சொல்லக் கூடியவர்கள் அரிது. பத்து டாலர் வந்த பிறகுதான் தங்க நோட்டு கூலிக்காரர் சட்டைப்பைக்கும் மளிகைக் கடைக் கல்லாவுக்கும் வந்து சேர்ந்தது. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றிய சட்டம் அதை முழுமையான சட்டப் பணமும் ஆக்கிவிட்டது.

நோட்டில் அச்சாகியிருப்பது என்ன? இன்ன தொகைக்கான தங்க நாணயம் கருவூலத்தில் வைக்கப்பட்டுள்ளது, இதைக் கொண்டுவந்து கேட்பவருக்கு அது தரப்படும் என்பதே அதன் சாரம். அரசு கடன் வாங்கிவிட்டுக் கொடுத்த கைச்சீட்டு என்று இதை நினைக்கக் கூடாது. நீங்கள் அடகு வைக்காமல், பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்த பொருளுக்கான ரசீது. ஒரு 20 டாலர் நோட்டுக்குப் பின்னால் 0.9675 டிராய் அவுன்சு சுத்தத் தங்கம், அதாவது ஏறத்தாழ 30 கிராம் இருந்தது.

1928 வரிசையோடு, 1929-இல், அமெரிக்கா எல்லா நோட்டுகளையும் சிறிய அளவுக்குக் கொண்டுவந்தது. தங்க நோட்டின் பின்பக்கத்தில் இருந்த மஞ்சள் போய், மற்ற நோட்டுகளைப் போலப் பச்சை வந்தது. முன்பக்கத்தில் சீலும் எண்களும் மட்டும் தங்க நிறம். அந்த 1928 வரிசையில் பத்து டாலர் 13 கோடிக்கும் மேல் அச்சாகியது. 20 டாலர் 6 கோடியே 60 லட்சம் அளவில். இன்று நம்மில் பலர் முதலில் வாங்குவது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன்.

1933 ஏப்ரல் 5. பதவியேற்று ஒரு மாதமே ஆன ரூஸ்வெல்ட் 6102 எண்ணிட்ட நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்க நோட்டு எதுவானாலும் மே 1-க்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். தெரிந்தே மீறினால் 10,000 டாலர் அபராதம், அல்லது 10 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். ஒருவர் தம்மிடம் 100 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு இருந்தது. இன்னொரு விலக்கும் இருந்தது. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அரிய நாணயங்கள் என்று சேகரிப்பாளர்கள் மதிக்கும் தங்க நாணயங்களை ஒப்படைக்கத் தேவையில்லை. அரிய நோட்டுகளுக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லை. நாணயம் சேர்த்தவர் மதிப்புமிக்க சேகரிப்பாளராகவே தொடர்ந்தார். நோட்டு சேர்த்தவர் அதே பொழுதுபோக்குக்காகச் சட்டத்தை மீறியவர் ஆனார்.

அரசு அவுன்சுக்கு 20.67 டாலர் கணக்கில் வாங்கியது. டிசம்பர் 28-ஆம் தேதி கருவூலம் விடுத்த ஆணை பிடியை மேலும் இறுக்கியது. 1934 ஜனவரி 30-இல் தங்கக் கையிருப்புச் சட்டம் வந்தது. மறுநாள் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. ஒப்படைத்த மக்களுக்கு இந்த உயர்விலிருந்து ஒரு சல்லிக்காசும் வரவில்லை.

ஒருவர் நீதிமன்றம் போனார். நார்ட்ஸ் எதிர் ஐக்கிய அமெரிக்கா என்று வழக்குக்குப் பெயர். அவரிடம் 1,06,300 டாலர் மதிப்புள்ள தங்க நோட்டுகள் இருந்தன. 1934 ஜனவரி 17 அன்று எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டே அவற்றை ஒப்படைத்தார். தங்கத்தின் உண்மையான மதிப்புக்கும் தாம் பெற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தரச் சொல்லிக் கேட்டார். 1935 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. நோட்டுக்குப் பதில் தங்க நாணயத்தையே அவர் பெற்றிருந்தாலும் அதையும் உடனே அரசிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆகவே அவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வாக்குக் கொடுத்தவரே அந்த வாக்கைத் தடை செய்துவிட்டு, தடை இருப்பதால் உனக்கு நட்டமில்லை என்று சொல்வதை என் மனம் ஏற்கவில்லை.

வெள்ளிச் சான்று நோட்டுகளை இதே அரசு எப்படி நடத்தியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 1968 ஜூன் 24 வரை கொண்டுவந்து வெள்ளி வாங்கிக்கொள்ளலாம் என்று காலக்கெடு அறிவித்து, வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். தங்க நோட்டு வைத்திருந்தவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இந்தத் தடைக்காலத்தில் தங்க நோட்டு எவ்வளவு அபூர்வமாகிவிட்டது என்பதற்கு லிண்ட்பெர்க் வழக்கே சாட்சி. விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்தியவர்களுக்கு 1932 ஏப்ரல் 2-ஆம் தேதி கொடுத்த 50,000 டாலரில் பெரும்பகுதி தங்க நோட்டு. எண்களை எல்லாம் குறித்துக்கொண்டே கொடுத்தார்கள். பணயப் பணத்தில் தங்க நோட்டு இருக்க வேண்டும் என்று வருவாய்த் துறை அதிகாரி எல்மர் ஐரி வற்புறுத்தியிருந்தார். 1933 மே 1, ஒப்படைப்புக் கெடு முடிந்த அன்று, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் யாரோ ஒருவர் ஜே. ஜே. ஃபாக்னர் என்ற பெயரில் சீட்டு எழுதி 2,980 டாலருக்கான பணய நோட்டுகளை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று வங்கியில் அவ்வளவு கூட்டம். அவர் முகம் யாருக்கும் நினைவில்லை. பதினாறு மாதம் கழித்து, 1934 செப்டம்பரில், நியூயார்க்கில் ஒரு பெட்ரோல் பங்கில் 98 சென்ட் பெட்ரோலுக்கு ஒருவர் பத்து டாலர் தங்க நோட்டை நீட்டினார். வங்கி இதை வாங்குமோ வாங்காதோ என்ற சந்தேகத்தில் பங்கு ஊழியர் கார் எண்ணை நோட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்தார். அந்த எண் போலீசாரை ஹாப்ட்மன் என்பவரின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது. அவர் கேரேஜில் 14,000 டாலர் அளவுக்குப் பணய நோட்டுகள் இருந்தன. ஆணை வருவதற்கு முன்பு நாடெங்கும் சாதாரணமாகப் புழங்கிய நோட்டு, ஆணை வந்த பின் ஒரு ஆளையே காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அரிதாகிவிட்டிருந்தது.

1964 ஏப்ரல் 24-ஆம் தேதி கருவூலச் செயலர் டக்ளஸ் டில்லன் தடையை நீக்கினார். 1934 ஜனவரி 30-க்கு முன் வெளியிடப்பட்ட தங்க நோட்டுகளை இனி யாரும் வைத்துக்கொள்ளலாம் என்றார். தங்கம் கிடைக்காது, நோட்டின் முகமதிப்பு மட்டும் செல்லும். இன்றும் அதுவே நிலை. உங்களிடம் உள்ள 20 டாலர் தங்க நோட்டை வங்கியில் கொடுத்தால் 20 டாலர் தருவார்கள். 'இதற்கு இன்னும் தங்கம் வாங்கலாம்' என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தங்க ரேக்கில் டாலர் படம் அச்சடித்து 'தங்க நோட்டு' என்று விற்கும் அலங்காரப் பொருள்களுக்கும் நம் துறைக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1933 மே முதல் 1964 ஏப்ரல் வரை முப்பத்தொரு ஆண்டுகள். இன்று உங்கள் ஆல்பத்தில் இருக்கும் ஒவ்வொரு தங்க நோட்டும் அந்த முப்பத்தொரு ஆண்டுகளை எங்கோ ஓரிடத்தில் கழித்திருக்கிறது. யாரோ ஒருவர் ஆணையைப் படித்துவிட்டு, கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார். அல்லது பைபிளுக்குள் செருகி வைத்தவர் இறந்துபோனார். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அல்லது பிள்ளைக்கு ஞானஸ்நானத்தின்போது வந்த பரிசு என்பதால் தாய்க்கு அதைக் கவுன்ட்டரில் கொடுக்கக் கை வரவில்லை. இவை என் ஊகங்கள். ஊகிக்கத்தான் முடிகிறது, ஏனென்றால் சட்டவிரோதமான பொருளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. தங்க நாணயம் சேர்த்தவர்களின் பெயர்களும் ஏலப் பட்டியல்களும் வம்சாவளிபோலத் தொடர்ந்து கிடைக்கின்றன. தங்க நோட்டுகளுக்கு அந்த முப்பத்தொரு ஆண்டுகள் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் கொஞ்சமாவது இன்னும் நிரப்ப முடியும். தாத்தாவின் பெட்டியில் பார்த்தேன், பாட்டி திரைச்சீலைத் தையலுக்குள் வைத்திருந்தார் என்று சொல்லக் கூடியவர்கள் இன்று மிக மூத்த வயதில் இருக்கிறார்கள். எஸ்டேட் சேலில் அவர்கள் பிள்ளைகள்தான் நமக்கு விற்கிறார்கள். நாம் கேட்டால் சொல்வார்கள். கேட்பதில்லை. டீலர் வாங்குகிறார், கிரேடு போட அனுப்புகிறார், பிளாஸ்டிக் உறையில் எண்ணோடு திரும்பி வருகிறது. வந்த ஊர், வந்த வீடு எல்லாம் அந்தக் கணத்தோடு அறுந்துபோகிறது.

கிரேடுக்கு நான் எதிரியல்ல. 70 வரை போகும் அந்த அளவுகோல் கள்ள நோட்டிலிருந்தும் ஒட்டுப்போட்ட நோட்டிலிருந்தும் நம்மைக் காக்கிறது. விலை உயர்ந்த நோட்டானால் தர நிறுவனத்தின் உறை இல்லாமல் வாங்காதீர்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் கிரேடை மட்டும் துரத்துவதால் ஒரு கொடுமை நடக்கிறது. மடிப்பு விழுந்த நோட்டை நீரில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவில் அழுத்தி, மடிப்பே இல்லாததுபோல் காட்டி விற்கிறார்கள். ஊசித் துளைகளை அடைக்கிறார்கள். பென்சில் குறிப்புகளை அழிக்கிறார்கள்.

இந்த அழித்தலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய பெரிய அளவு நோட்டுகளில் ஊசித் துளைகள் இருப்பது இயல்பு. கத்தையாகவோ கடிதத்தோடோ சேர்த்துக் குத்தி வைத்த அடையாளம் அது. ஓரத்தில் ஏதோ கூட்டல் கணக்கு, மங்கிய ரப்பர் ஸ்டாம்பு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் கிடந்த தழும்பு எல்லாமே அந்த நோட்டு பணமாக வாழ்ந்ததற்கான சான்று. லிண்ட்பெர்க் வழக்கைத் துலக்கியதே நோட்டின் ஓரத்துப் பென்சில் எழுத்துதான். அதைச் 'சுத்தம்' செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அழுத்திய நோட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நோட்டைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடியுங்கள். செதுக்குத் தகட்டில் அச்சான தாளில் மை மேடுபட்டு நிற்கும். சீலும் எண்களும் பின்பக்கம் லேசாகப் புடைத்துத் தெரியும். அழுத்திய தாளில் இந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடும். கழுவிய தாள் உயிரற்றுத் தொய்ந்திருக்கும், அல்லது புற ஊதா விளக்கில் பொருந்தாமல் ஒளிரும். வைத்திருக்க மைலார் உறையே போதும். பிவிசி கலந்த மலிவு உறைகள் காலப்போக்கில் கசிந்து தாளைக் கெடுக்கும்.

எதை வாங்குவது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் டாலர் நோட்டுகளை எண்ணி ஏங்க வேண்டாம். அவை பெரும்பாலும் வங்கிகளுக்கிடையே ஓடிய தாள்கள். 1928 வரிசையில் ஐயாயிரம் டாலர் நோட்டு அச்சானதே 24,000 மட்டும். ஒரு லட்சம் டாலர் நோட்டு, உட்ரோ வில்சன் படம் போட்டது, 1934 டிசம்பரிலிருந்து 1935 ஜனவரிக்குள் 42,000 அச்சானது. அது ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்க்க மட்டுமே. தனியார் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. பார்க்க வேண்டுமென்றால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் நாணயத் தொகுப்பில் இருக்கிறது. 1900 வரிசைப் பத்தாயிரம் டாலர் தாள்கள் வேறு கதை. 1935 டிசம்பர் 13-இல் வாஷிங்டனில் அஞ்சல் கட்டடம் தீப்பிடித்தபோது, அங்கே கிடந்த ரத்தான தாள்களைப் பெட்டியோடு ஜன்னல் வழியே வீசினார்கள். தெருவில் போனவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். பின்பக்கம் வெறுமையான தாள், முகமதிப்பு இல்லை, சட்டப்படி அரசின் உடைமை. விற்பனைக்கு வந்தாலும் நான் தொடமாட்டேன்.

என் பரிந்துரை எளியது. 1922 வரிசைப் பத்து டாலர் ஒன்று, 1928 வரிசைப் பத்தோ இருபதோ ஒன்று. புழங்கித் தேய்ந்த, ஆனால் கிழியாத, கழுவாத, அழுத்தாத நோட்டுகள். சில நூறு டாலருக்குள் முடியும். 1933-இல் வீட்டில் தங்க நோட்டை ஒளித்து வைத்த சாதாரண மனிதர் கையில் இருந்தவை இந்த நோட்டுகள்தான். அந்த வரலாற்றை வைத்திருக்க 66 கிரேடு தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. இனி ஒரு தங்க நோட்டு வாங்கும்போது விற்பவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். குடும்பத்திடமிருந்து நேரே வாங்கினால் இன்னும் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்த மாகாணம், குடும்பத்தில் யார் வைத்திருந்தார், எதற்குள் வைத்திருந்தார், ஏன் ஒப்படைக்கவில்லை என்று ஏதாவது சொன்னாரா. பெயர் வெளியில் சொல்ல வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். தெரியாது என்று சொன்னால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். டீலர் கதை கட்டினால் அதை எழுதாதீர்கள். அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதி, தேதியிட்டு, நோட்டின் எண்ணையும் குறித்து, உறைக்கு அருகில் வையுங்கள். ஏற்கெனவே உங்களிடம் உள்ள நோட்டுகளுக்கும் நினைவிருப்பதை இந்த வாரமே எழுதிவிடுங்கள். விற்கும்போது அந்தத் தாளையும் நோட்டோடு சேர்த்துக் கொடுங்கள், வாங்குபவர் கேட்காவிட்டாலும்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு சேகரிப்பாளர்